ஊசி மருத்துவருக்கு நான் போட்ட மார்க்

மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் தொழில். "சரியாகிவிட்டது" என்று யார் வந்து சொன்னாலும் நம்பாமல், "இன்னும் ஆகவில்லை" என்று திருப்பி அனுப்பத்தான் எனக்குச் சம்பளம். அலுவலகத்தில் என் மெயிலைப் பார்த்தாலே பலர் டீ குடிக்க எழுந்து போய்விடுவார்கள். அப்படிப்பட்ட ஆசாமி, பெங்களூரு ஆஸ்டின் டவுனில் ஓர் அக்குபங்சர் மேஜையில் மல்லாந்து கிடந்துகொண்டு, வாய் கூசாமல் பொய் சொன்ன கதை இது.

குக்கர் விசில் அடிப்பதற்கு முன் எழுமே ஒரு சீறல், அது ஒரு வருடமாக என் இடது காதுக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. காது மருத்துவர் பரிசோதித்துவிட்டு, சத்தத்தை நிறுத்த மாத்திரை கிடையாது, பழகிக்கொள்ள வழிகள் உண்டு என்றார். அக்குபங்சர் உதவுமா என்று கேட்டேன். "சிலர் நல்லா இருக்குன்னு சொல்றாங்க. ஆனா அதனாலதான் கொறஞ்சதுன்னு உறுதியா சொல்ல ஆதாரம் போதாது" என்றார். பதிலின் முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஊசி மருத்துவர் தங்கமான மனிதர். காதைச் சுற்றியும் கை கால்களிலும் வலிக்காமல் ஊசி வைப்பார். ஒவ்வொரு முறையும் நோட்டைத் திறந்து, "சத்தம் பத்துக்கு எவ்ளோ சார்?" என்று கேட்பார். முதல் நாள் எட்டு என்றேன். அடுத்த வாரமும் எட்டுதான். ஆனால் பேனாவைப் பிடித்தபடி அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையின் பார்வை. "ஏழு" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதன்பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. பத்தாவது வாரம் இரண்டுக்கு வந்து நின்றேன். காதுக்குள் எட்டு எட்டாகவே இருந்தது. தூக்கம் மட்டும் அருமையாக வந்தது, அதுவும் அந்த மேஜை மேல்தான். குணமானவர்களைப் படம் எடுத்து வாசல் கதவில் ஒட்டுவது அவர் வழக்கம். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, அதற்கும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

எங்கள் தெருவில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடும் அக்கா, ஈஜிபுராவிலிருந்து வருகிறவர். ஒருநாள் என் சட்டையை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஆஸ்டின் டவுன்ல உங்க போட்டோ பாத்தேன் சார். எனக்கும் எடது காதுல அதே இரைச்சல். சரியா கேக்கவும் மாட்டேங்குது. ஆஸ்பத்திரில காது டெஸ்டுக்கு சீட்டு குடுத்தாங்க. உங்க மூஞ்சியப் பாத்ததும் அத வுட்டுட்டு ஊசிக்குப் போயிட்டேன். ரெண்டு மாசமாச்சு."

என் பல்லிளிப்பை நம்பி ஒருத்தர் காதைக் கோட்டை விட்டுவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

"இப்ப எப்படிக்கா இருக்கு?"

"ஒண்ணும் கொறையல. அவருகிட்ட மூணுன்னு சொல்லியிருக்கேன்."

"எனக்கும் குறையலக்கா. அந்த போட்டோ பொய்" என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "பாவம், நல்ல மனுஷன்" என்றார். என்னை அல்ல, ஊசி மருத்துவரை.

மறுநாள் லீவு போட்டு அக்காவை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னாள் டெஸ்ட் செய்கிற பெண். வலது காது நல்லபடியாக முடிந்தது. இடது காதுக்கு மாறியதும் அக்காவின் கை மடியிலேயே கிடந்தது. அந்தப் பெண் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள், உதட்டைப் பிதுக்கினாள். உடனே அக்கா கையைத் தூக்கினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தூக்கினார்.

"நான் இப்போ எதுவுமே அனுப்பலையே!" என்று வெளியே பக்கத்தில் நின்ற என்னிடம் அவள் குழம்பினாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவளிடம் கேட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"கேக்கலன்னா தூக்காதீங்கக்கா."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொண்ணு எவ்ளோ நேரமா மெனக்கெடுது சார். ஒண்ணும் கேக்கலன்னா அதுக்கு பேஜாராயிடாதா?"

"ஆகட்டும்க்கா" என்றேன். இதை நான் அந்த ஊசி மேஜையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டோம். இனி யார் முகமும் அவருக்குத் தெரியாது. டெஸ்ட் முதலிலிருந்து தொடங்கியது. வலது காதுக்குக் கை சட்டுச்சட்டென்று எழுந்தது. இடது காதுக்கு எழவேயில்லை.