வாய்க்கால் பாதையில் இருபத்தைந்து

நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் எங்கள் ஊரின் வீட்டு நர்ஸ்களில் ரின்ஸ்கேதான் வேகமானவள். வயது ஐம்பத்து நான்கு. காலையில் பதினொரு வீடு: ஓரிடத்தில் இன்சுலின், ஓரிடத்தில் கண் சொட்டு, ஓரிடத்தில் புண்ணுக்குக் கட்டு. எதிர்காற்றில் மின்சார சைக்கிள் இல்லாமல் அது நடக்காது. நானும் அதே குழுவில் இருப்பதால் தெரியும்.

அக்டோபரில் ஒரு காலை, வாய்க்கால் ஓரப் பாதையில் ஹார்மென் போஸ்கர் நாயோடு நடந்துகொண்டிருந்தார். மதகுக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பத்தொரு வயது. ரின்ஸ்கே மணி அடித்தாள். சத்தம் வந்த பக்கமே அவர் திரும்பினார். பிரேக் பிடித்தும் சைக்கிள் நிற்கவில்லை.

எழ முயன்றவரை அவள் மண்டியிட்டு அழுத்திப் பிடித்தாள். "அசையாதீங்க ஐயா. நான் நர்ஸ்."

"நல்லாருக்கு!" என்றார் போஸ்கர், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு. "இடிக்கிறதும் நீயே, வைத்தியம் பார்க்கிறதும் நீயேவா?"

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவை முடிந்து ஆறு வாரத்தில் வீடு திரும்பினார். கால் வீங்காமலிருக்க தினமும் இறுக்கமான நீளக் காலுறை மாட்டிவிட வேண்டும். அந்தத் தெரு ரின்ஸ்கேயின் பட்டியலில் இருந்தது.

"நான் போறேன், மாத்திக்கலாம்," என்றேன்.

"வேணாம். நான்தானே தள்ளினேன்."

அவர் மகள்தான் கதவைத் திறந்தாள். ஆளைப் பார்த்ததும் வழியை மறித்து நின்றாள். "உள்ள விடு," என்று போஸ்கரின் குரல் வந்தது. அதன் பிறகு பதினெட்டு நாள் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் குனிந்து உறையை இழுத்து ஏற்றுவாள்; அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதற்கிடையே, அந்தப் பாதை முழுக்க மின்சார சைக்கிளுக்கு மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர்தான் என்று விதிக்கக் கோரி முந்நூறு பேர் நகர மன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினைந்தில் போனால் கடைசி வீட்டு இன்சுலின் மதியம்தான். சாலையில் போகலாமென்றால் அங்கே பால் லாரிகள் உரசிக்கொண்டு போகும். எதிர்த்துப் பேச ரின்ஸ்கேயை அனுப்பினோம். உரையை எழுதிக் கொடுத்தது நான்.

செவ்வாய் மாலை மன்றக் கூடம் நிரம்பியிருந்தது. பின்வரிசையில் ஊன்றுகோலோடு போஸ்கர். ரின்ஸ்கே முதல் பக்கத்தை நன்றாகவே படித்தாள். ஓர் உறுப்பினர் கையைத் தூக்கினார். "அன்னைக்கு நீங்க எவ்வளவு வேகத்துல வந்தீங்க?"

தலைவி குறுக்கிட்டார். "இதுக்கு நீங்க பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல."

'அடுத்த பக்கத்துக்குப் போ, போயேன்' என்று மனதுக்குள் கத்தினேன்.

"இருபத்தஞ்சு," என்றாள். "சட்டம் விட்ட வேகம்தான். ஆனா நிறுத்த முடியல."

அவள் காகிதத்தை மடித்தாள். "பாலத்துலேருந்து பூங்கா வரைக்கும் பாதை ரெண்டு கை அகலம்தான். அங்க இருபத்தஞ்சு கூடாது. மத்த இடத்துல எங்களைக் கட்டிப்போட்டு லாரிக்கு முன்னாடி தள்ளாதீங்க."

"பதினஞ்சே அதிகம்!" என்று பின்னாலிருந்து போஸ்கர் சத்தம் போட்டார். சிலர் சிரித்தார்கள். ரின்ஸ்கே திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்பதுக்கு எட்டு என்ற வாக்கில், அந்தக் குறுகலான எழுநூறு மீட்டருக்கு மட்டும் பதினைந்து என்று தீர்மானமானது. அபராதம் கிடையாது, பலகை மட்டும். வெளியே வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். "உன்னை யாரு அதைச் சொல்லச் சொன்னா?"

"அவர் அங்கதானே உட்கார்ந்திருந்தார். அவரை வச்சுக்கிட்டு எப்படி மழுப்புறது?"

மறுநாள் காலை, உறை ஏறி முடிந்ததும் போஸ்கர் வாய் திறந்தாராம். "காபி இருக்கு."

"நேரமில்ல ஐயா. இன்னும் ஏழு வீடு."

"அதானே! எப்பவும் ஓட்டம்தான்."

அவள் நின்றபடியே குடித்துவிட்டு வந்தாள். குறுகலான இடத்தில் இனி மெதுவாகத்தான் போக வேண்டும் என்பதால், அந்த வாரமே அவளுடைய பதினோராவது வீட்டை என் பட்டியலில் சேர்த்தார்கள். பத்து நாள் அவளோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.