பிணைக்கு உட்கார்ந்த பாய்

மலைக்குக் கீழே ஓர் ஊரில் ஒரு சங்கம் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டுதான் கூட்டம் போடுவார்கள். போன மாதம் அதற்குப் பெரிய விழா. என்னைக் காரில் கூட்டிப்போய் மேடையில் உட்காரவைத்துச் சால்வை போட்டார்கள். எங்கள் மலையில் அவர்கள் முதன்முதலாகக் கண் ஆபரேஷன் செய்துவைத்த ஆளின் மகள் நான். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "நல்லா இருங்க" என்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மீதியை இங்கே சொல்கிறேன்.

அந்தச் சங்கத்தை வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் தொடங்கினார்களாம். அவர்கள் கப்பலேறிப் போனபின் வக்கீல், டாக்டர், மண்டிக்காரர் என்று நம் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே போனால் சாதியும் மதமும் கிடையாது, எல்லாரும் அண்ணன் தம்பி. பெண்களுக்கு மட்டும் இடமில்லை. இடுப்பில் சமையற்காரர் மாதிரி ஒரு வெள்ளைத் துணி கட்டுவார்கள், கைகொடுப்பதில்கூட ஒரு ரகசியம் உண்டு என்று சந்தைக்குப் போய்வந்தவர்கள் சொல்வார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம், கால் இல்லாதவருக்குத் தள்ளுவண்டி, கண் தெரியாதவருக்கு ஆபரேஷன் எல்லாம் செய்தார்கள். இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நல்லது செய்கிறவனுக்குச் சாத்திய கதவு எதற்கு என்று அன்றைக்கு மலையில் கேட்டார்கள். நான் இன்றைக்கும் கேட்கிறேன்.

எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. அப்பனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. எங்கள் பக்கம் மிளகு பறிக்க ஒற்றை மூங்கிலை மரத்தில் சாய்த்து, கணுவில் வெட்டாமல் விட்டிருக்கும் கிளைமுளையில் கால்வைத்து ஏற வேண்டும். அப்பன் முளை தெரியாமல் விழுந்தார். அப்பன் ஏறாவிட்டால் மிளகு இல்லை. மிளகு இல்லாவிட்டால் உப்புக்கும் துணிக்கும் வழியில்லை.

அந்த வருஷம் சங்கத்து ஜீப் வந்தது. கூடவே எங்களிடம் மிளகு வாங்கும் காளப்பநாயக்கன்பட்டி பாயும் வந்தார். அவரும் அந்தச் சங்கத்து ஆள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதிலேயே என் மாமனுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, சந்தேகம் தொற்றிக்கொண்டது.

"மிளகுக்கு எடை போட்டா விரலை வெச்சு அழுத்துற ஆளு, கண்ண மட்டும் சும்மா குடுப்பாராக்கும்?" என்றார்.

வந்தவர்கள் ஒரு பேப்பரை நீட்டி, கைநாட்டு வைக்க வேண்டும் என்றார்கள். மலையில் கைநாட்டு வைத்துக் காடு இழந்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் உண்டு. "விடியக்காலம் சொல்றமுங்க" என்று அப்பன் பேப்பரை வாங்கிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். இரண்டாம் வகுப்பு. என்னை நடுவில் உட்காரவைத்துப் பேப்பரைக் கையில் கொடுத்தார்கள். சின்னச் சின்ன எழுத்து, நெருக்கி நெருக்கி. எனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லலாம்தான். ஆனால் மாமன் வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்க்கிறார், அம்மா அடுப்பை விட்டு வந்து நிற்கிறாள். அத்தனை பேர் பார்க்கும்போது தெரியாது என்று சொல்கிற பிறவி நான் இல்லை. மாமன் எதற்குப் பயந்தாரோ அதையே படித்தேன்.

"காடு, மிளகுக் கொடி, பலாமரம் எல்லாத்தையும் சங்கத்துக்கு எழுதித் தாரேன்னு போட்டிருக்குது."

"நாஞ் சொல்லல?" என்று மாமன் துள்ளினார். அப்பன் என் கையிலிருந்து பேப்பரை வாங்கி மடித்தார். காலையில் ஜீப் அப்பன் இல்லாமல் இறங்கிப்போனது.

அந்த மழைக்காலத்தில் அப்பனின் இடது கண் சிவந்து வீங்கி, மூன்று நாள் வலியில் துடித்து, ஒரேயடியாக இருண்டுபோனது. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

அடுத்த வருஷம் அதே ஜீப் வந்தது. அப்பன் போகிறேன் என்றார், மாமன் குறுக்கே நின்றார். மலையில் ஒரு வழக்கம் உண்டு. தெரியாதவரோடு நம் ஆள் கீழே இறங்கினால், அவர்கள் பக்கத்து ஆள் ஒருவர் நம் வீட்டில் பிணையாக உட்கார வேண்டும். நம் ஆள் திரும்பி வந்தபிறகுதான் அவர் போகலாம். மாமன் அதைக் கேட்டார். ஜீப்பில் வந்தவர்கள் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

"கூட்டிட்டுப் போங்கப்பா. நான் இருக்கேன்."

மண்டிக் கடையை அப்படியே விட்டுவிட்டு எட்டு நாள் இருந்தார். மாமன் கொடுவாளைத் தீட்டிக்கொண்டே பக்கத்தில் இருந்தார்.

"ஏனுங்க பாய், எங்க மச்சான் வராட்டி உங்களக் குழி வெட்டி நட்டு, மேல மிளகுக் கொடி ஏத்திருவமுங்க."

"நடு சாமி. ஆனா எடைய எவங்கிட்டப் போடுவ?"

அம்மா சாமைச் சோறும் கொள்ளு ரசமும் வைத்தாள். குறை சொல்லாமல் சாப்பிட்டார். அவரைக் காவல் காப்பது என் வேலை. காலையில் பாறைமேல் ஏறிக் கீழே பார்ப்பார். யாருக்கோ சைகை காட்டுகிறார் என்று நானும் பின்னாலேயே ஏறுவேன். நான்காம் நாள் கேட்டேவிட்டேன்.

"கதவைச் சாத்திக்கிட்டு உள்ள என்னங்க பண்ணுவீங்க?"

"அத மட்டும் கேக்காத கண்ணு. கேட்டா நான் பொய் சொல்லோணும்."

எனக்குச் சுருக்கென்றது. பொய் சொல்ல இவ்வளவு யோசிக்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்புறம் மடியிலிருந்து ஒரு பேப்பரை எடுத்தார். அதே பேப்பர், மறுபடி அச்சடித்தது. விரல் வைத்துப் படித்துக் காட்டினார். நோயாளி பேர், ஊர், ஆபரேஷனுக்குச் சம்மதம், ஆபத்து வந்தால் டாக்டரைக் குற்றம் சொல்வதில்லை. அவ்வளவுதான் என்றார்.

"போன வருஷம் இதைப் படிச்சது ஆரு கண்ணு?"

நான் பலாமரத்தைப் பார்த்தேன். இவர் படிப்பதும் நான் படித்த மாதிரிதானோ என்று ஒரு சந்தேகம். அதன்பிறகு அவர் கேட்கவில்லை.

எட்டாம் நாள் அப்பன் தடித்த கண்ணாடியோடு ஜீப்பிலிருந்து இறங்கி, யார் கையையும் பிடிக்காமல் நடந்துவந்தார். கூட வந்த டாக்டர் சொன்னார்:

"போன வருஷமே வந்திருந்தா ரெண்டு கண்ணும் தப்பிச்சிருக்கும். ஏன்யா வரல?"

"அது வந்துங்க, பேப்பருல..." என்று மாமன் ஆரம்பித்தார்.

"நாந்தானுங்க பயந்துட்டேன்" என்றார் அப்பன்.

பாய் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். வாரைச் சரிசெய்வதிலேயே குறியாக இருந்தார். ஒருவருக்கும் தெரியாமல் தப்பித்துவிட்டோம் என்று நான் பலாமரத்தைச் சுற்றி ஓடினேன்.

எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தபின் ஒருநாள், மிளகு காயவைத்துக்கொண்டிருக்கும்போது அப்பன் சொன்னார்: "எழுத்துக் கூட்டாம நீ கடகடன்னு படிச்சது அந்த ஒரு நாளுதான் கண்ணு."

"தெரிஞ்சும் ஏம்ப்பா போகல?" என்றேன்.

"கத்தின்னா எனக்குப் பயம். போவேண்டாம்னு ஆராச்சும் சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு. நீ சொன்ன."

கத்திக்குப் பயந்த ஆள் அடுத்த வருஷம் மாமனை மீறி ஏன் ஜீப்பில் ஏறினார்? அப்பன் சொன்னது நிசமா, நான் அழக்கூடாது என்று சொன்னதா, எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். அன்றைக்குப் பலாமரத்தைச் சுற்றி ஓடிய சிறுமிக்கு அந்தச் சந்தேகம்கூட இல்லை.