சாயம் போடாத கலர்

வெள்ளகோவில் வாரச் சந்தையில் நான் சோடாக் கடை போட்டிருந்த காலம். வெண்ணெய் விற்க வரும் ஒரு பெண், வெயில் ஏறியதும் என்னிடம் வெறும் சோடா வாங்கிக் குடிப்பாள். இருபது வயதுக்கு மேல் இராது. குடித்துக்கொண்டே பக்கத்திலிருக்கும், இனிப்பும் சாயமும் சேர்த்த சிவப்புக் கலர் சோடா பாட்டில்களைப் பார்ப்பாள்.

ஒரு வாரம், "இன்னைக்குக் கலர் குடிச்சுப் பாருங்க அம்மணி, இனிப்பா இருக்கும்" என்றேன்.

"நமக்குக் கலர் ஆகாதுங்க."

"வயித்தை ஒண்ணும் பண்ணாதுங்க!" என்று சத்தமாகச் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் கணவனை இழந்தவள். வாராவாரம் அவள் உடுத்தி வந்தது வெள்ளைச் சேலைதான்; நான்தான் கவனிக்கவில்லை.

அடுத்த சந்தைக்குச் சாயம் மட்டும் சேர்க்காமல் ஒரு கலர் போட்டு வைத்தேன். பார்வைக்கு வெறும் சோடா. ஒரு வாய் குடித்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். அதன்பின் வாராவாரம் அவளுக்கென்று ஒன்று போட்டேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒருநாள் காலிப் பாட்டிலைத் தரும்போது மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்க, அந்தச் சிவப்பும் இதே ருசிதானுங்களா?"

"இதேதானுங்க."

"அப்பறம் எனக்கு மட்டும் ஏனுங்க சாயத்தை எடுத்துப்போட்டீங்க?"

சந்தையே பார்ப்பதுபோல் இருந்தது. சிவப்புப் பாட்டில் ஒன்றின் கழுத்தைப் பிடித்தேன். எடுத்துக் கொடுக்கவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை. "வாரேனுங்க" என்று போய்விட்டாள்.

நான் அவளுக்குக் கொடுத்தது இனிப்பா, இன்னொரு வெள்ளைச் சேலையா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.