இடப்பக்கமாகப் போனவள்

எங்கள் ஊருக்கு முந்நூறு வயது என்று கண்டுபிடித்தது ஒரு கமிட்டி. அதற்கு முன்னால் ஊருக்கு வயது என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. பிறந்த தேதி கமிட்டிக்கும் தெரியவில்லை. நகர அரங்கம் எந்த ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கிறது என்று விசாரித்தார்கள். அன்றுதான் ஊர் பிறந்தது என்று ஒருமனதாக முடிவானது.

என் அக்காவுக்கு ஊர்ப்பற்று என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அவளுடைய ஊர், பெரிய தெருவின் முனையில், பழைய தபால் அலுவலகத்தின் வெளிப் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் முக்கோண இடம்தான். அங்கே ஒரு கால்மெஷின், ஒரு முக்காலி, ஆணிகளில் தொங்கும் பைகள். புதுத்துணி தைக்க மாட்டாள். ஜிப் மாற்றுவாள், பேண்ட் காலைச் சுருக்குவாள், பெருத்தவர்களுக்கு இடுப்பைப் பிரித்துவிடுவாள். "நான் நல்லா இளைச்சிட்டேன், கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க" என்று வருகிறவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி, தளர்வாவே தையல் போடறேன். அடுத்த மாசம் பிரிக்கச் சுலபமா இருக்கும்" என்பாள். வாய் கொஞ்சம் நீளம். கூட்டம் வருவதே பாதி அந்த வாய்க்காகத்தான். உட்கார்ந்த இடத்திலிருந்து அவளை எழுப்புவது மகா கஷ்டம். சின்ன வயதில் ஜன்னலோர சீட்டுக்காக அவளோடு சண்டை போட்டு ஒருமுறைகூட ஜெயிக்காதவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நான் மைக்செட் போடுகிறவன். யார் மேடையேறினாலும் "ஹலோ, ஹலோ" என்று முதலில் பேசுவது நான்தான். அதனால் ஆண்டுவிழா நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. முதலில் பழம்பொருள் கண்காட்சி. பல் டாக்டர் தன் அப்பா காலத்து நாற்காலியைக் கொண்டுவந்து வைத்தார். வரிசையில் வந்தவர்கள் ஒவ்வொருவராக அதில் உட்கார்ந்து வாயைத் திறந்தார்கள். டாக்டருக்கும் கை சும்மா இருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் மூன்று பல் பிடுங்கிவிட்டார். அடுத்தது பாரம்பரிய நடை. ஊரிலேயே மிகப் பழைய சுவர் என்று ஒன்றைக் காட்டி வழிகாட்டி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, கூட்டத்திலிருந்த கொத்தனார் கையைத் தூக்கி, "ஐயா, இது போன வருஷம் நான் கட்டினது" என்றார். அவரையும் சேர்த்து வைத்து எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கெல்லாம் சிகரம் வைத்தாற்போல வரலாற்று நாடகம். எழுதியது ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார். ஊர் உண்டான கதையிலிருந்து இன்றுவரை ஒரே மூச்சில் ஓடும். ஊர் உண்டான கதை எங்களுக்கெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்ததுதான். நொண்டிக் குதிரையோடு ஒரு வணிகர் இந்தப் பக்கம் வந்தார். இங்கே தனியாக ஒரு பெண் இருந்தாள். அவளிடம் ஒரு கம்பளிப் போர்வையைக் கொடுத்து இந்த இடம் முழுவதையும் வாங்கினார். என்ன சாமர்த்தியம் என்று முந்நூறு வருஷமாக மெச்சிக்கொள்கிறோம்.

அந்தப் பெண்ணாக நடிக்கத்தான் ஆள் நிற்கவில்லை. வங்கி மேலாளரின் மனைவி, ஏமாந்தவளாக நடிக்க மாட்டேன் என்று விலகினார். அடுத்து வந்தவருக்கு ஜலதோஷம். அதற்கும் அடுத்தவருக்கு மாமியார். ஆள் மாறும்போதெல்லாம் உடையைப் பிடித்தும் விட்டும் கொடுத்தது அக்கா. கடைசியில் பார்த்தால் அந்த உடை அதைத் திருத்தித் தைத்தவளைத் தவிர வேறு யாருக்கும் பொருந்தவில்லை. "நீயே போட்டுக்கம்மா. வசனம்கூட கிடையாது. போர்வையை வாங்கிட்டு இடப்பக்கமா போயிடணும், அவ்வளவுதான்" என்றார் வாத்தியார்.

ஒத்திகையில் அக்கா ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். "போயி, அப்புறம் அவ எங்க இருந்தா?"

"அது வரலாற்றுல இல்லம்மா."

"அவ இல்லையா, அவளுக்கு எடம் இல்லையா?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குப் பதில் தெரியாதபோதெல்லாம் கண்ணாடியில் அழுக்கு சேர்ந்துவிடும்.

அக்கா அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அந்த வாரம்தான் கமிட்டித் தலைவர் தன் கோட்டைப் பிரித்துவிடச் சொல்லி அவளிடம் வந்திருந்தார். ஊரிலேயே பெரிய மரச்சாமான் கடை அவருடையது. நாடகத்தில் அந்த வணிகரும் அவர்தான், கடைசிக் காட்சியில் தலைவராக வருவதும் அவர்தான். கையை விரித்து அளவு கொடுத்துக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார். "பெரிய தெரு முனையில நினைவு வளைவு கட்டப் போறோம்மா. அதோட ஒரு கால் சரியா இந்த எடத்துலதான் வருது. விழா முடிஞ்ச மறுநாள் காலையில வேலை ஆரம்பம். உனக்குப் பேருந்து நிலையத்து மாடியில எடம் பாத்திருக்கு."

அந்த மாடியை எனக்குத் தெரியும். புறாவைத் தவிர வேறு யாரும் ஏறுவதில்லை. ஜிப் போன பேண்டைப் பிடித்துக்கொண்டு எவன் அத்தனை படி ஏறுவான்? அக்காவின் கணவர், எங்கள் மாமா, பேருந்து ஓட்டுநர்; அவர் சம்பளம் வீட்டு வாடகைக்கும் மகளின் படிப்புக்கும் போய்விடும். அடுப்பு எரிவது அக்காவின் மெஷினால்தான். அவள் நகராட்சி அலுவலகத்துக்கு அலைந்தாள், தலைவர் கடையில் போய் நின்றாள். விழா நேரத்தில் இதையெல்லாம் பேசலாமா என்று எல்லோரும் அவளையே கடிந்துகொண்டார்கள். அவள் திரும்பி வந்து தலைவரின் கோட்டைத் தைத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரங்கம் பிதுங்கி வழிந்தது. முன்வரிசையில் மாவட்ட அதிகாரி. நான் மேடையின் வலதுபக்க ஓரத்தில், மைக்கும் விளக்கும் என் பொறுப்பில். நடிகர்களுக்கு ஏதாவது கிழிந்தால் உடனே தைக்க வேண்டும் என்று அக்காவின் மெஷினை இடதுபக்க ஓரத்தில் வைத்திருந்தார்கள். வைத்தது அவர்களேதான்.

திரை விலகியது. தலைவர் நொண்டிக் குதிரையை, அதாவது உள்ளே இரண்டு பேர் இருந்த ஒரு துணியை, இழுத்துக்கொண்டு வந்தார். போர்வையை நீட்டினார். அக்கா வாங்கினாள். பிரித்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஓரமெல்லாம் பிரிந்திருந்தது. தலையை ஆட்டிவிட்டு, சொல்லிக்கொடுத்தபடியே இடப்பக்கமாகப் போனாள். எல்லோரும் கை தட்டினார்கள். வாத்தியார் நிம்மதியாக மூச்சு விட்டார்.

போனவள் திரும்பி வந்தாள், மெஷினோடு.

கரகரவென்று அதை இழுத்துவந்து நடுமேடையில் போட்டாள். முக்காலியைக் கொண்டுவந்தாள். உட்கார்ந்து, போர்வையின் ஓரத்தை மடித்துத் தைக்க ஆரம்பித்தாள்.

தலைவர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்தார். இரண்டாம் காட்சிக்கான ஆட்கள் அதற்குள் உள்ளே வந்துவிட்டார்கள். அது ஊரின் முதல் சந்தை. வியாபாரிகள் திகைத்து நின்று, வேறு வழியில்லாமல் அக்காவைச் சுற்றிக் கடை விரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு காய்காரி காது அறுந்த பையை அவளிடம் நீட்டினாள். தைத்துக் கொடுத்தாள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள்.

மூன்றாம் காட்சி பெருந்தீ. நீளமான சிவப்புத் துணியை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டிக்கொண்டு பத்துப் பேர் ஓடிவர வேண்டும். ஊரே அலறியபடி ஓடியது. அக்கா காலை மட்டும் தூக்கிக்கொண்டாள். துணி முக்காலியில் மாட்டிக் கிழிந்தது. தீயைப் பிடித்திருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். "குடுங்க இப்படி" என்று வாங்கி, தீயைத் தைத்துக் கொடுத்தாள். அது மறுபடி பரவி ஊரை அழித்தது.

சபையில் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் மாவட்ட அதிகாரி சிரிக்கவில்லை. முன்னால் சாய்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம், "எவ்வளவு ஆழமான யோசனை. ஆட்சி வரும், தீ வரும், உழைக்கிறவங்க இருந்துகிட்டே இருப்பாங்க. யார் எழுதினது?" என்றார். இது ஓரத்துக்குக் கேட்டதும் வாத்தியாரின் கண்ணாடி சுத்தமாகிவிட்டது. "நான்தான்" என்று தலையை வெளியே நீட்டிச் சொன்னார்.

தலைவருக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. மறைவிலிருந்து என்னைப் பார்த்து விளக்கை அணைக்கச் சொல்லிக் கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டினார். எனக்குப் புரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கா மேல் இன்னொரு விளக்கைப் போட்டேன்.

பிறகு ஊருக்கு முதல் ரயில் வந்தது. அட்டையில் செய்த இன்ஜினுக்கும் பெட்டிகளுக்கும் உள்ளே எட்டுப் பேர். ஓட்டுநராக நடித்தது எங்கள் மாமா. நேராக வந்த ரயில் மனைவியைப் பார்த்ததும் நின்றது.

"கொஞ்சம் தள்ளு" என்றார் மாமா மெதுவாக.

"சுத்திப் போங்க. பஸ்ஸுல தினமும் போறீங்கல்ல?"

"இது ரயிலு. தண்டவாளத்துலதான் போகும்."

"அட்டைதானே. வளைங்க."

ரயில் வளைந்து போனது. பின்னால் வந்த பெட்டிகள் வளையத் தெரியாமல் ஒன்றன்மேல் ஒன்று மோதின. மாமா தன் வாழ்க்கையில் அத்தனை கைதட்டலைக் கேட்டதில்லை. மூன்று முறை மேடையைச் சுற்றிவந்துவிட்டுத்தான் போனார்.

கடைசிக் காட்சி. தலைவர் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். பின்னால் நான்கு பேர் நினைவு வளைவின் மாதிரியைத் தூக்கிவந்தார்கள். நிஜ மரத்தில் செய்தது. தலைவர் கடையில் செய்தால் கனம் இல்லாமல் இருக்குமா? நடுமேடையில் வைக்க வேண்டும். வைக்கப் போனால் அதன் ஒரு கால் அக்காவின் மெஷின்மேல் வருகிறது. நான்கு பேரும் தூக்கியபடியே நின்றார்கள்.

தலைவர் அக்காவிடம் குனிந்தார். மேடை மைக் பக்கத்திலேயே இருந்தது. அது அணைந்திருக்கிறது என்று நினைத்தார் போலும். உண்மையில் குறைத்துத்தான் வைத்திருந்தேன். நான் குமிழைத் திருப்பினேன்.

"எழுந்திரும்மா. மானம் போகுது" என்று தலைவர் கிசுகிசுத்தது கடைசி வரிசைவரை கேட்டது.

மெஷின் நின்றது. "எங்க போகட்டும்?" என்றாள் அக்கா. வாய்க்காகப் பேர்போனவளின் குரலா அது என்று இருந்தது. அவ்வளவு சின்னதாக வந்தது.

"அதான் மாடியில எடம் பாத்திருக்கே. மத்தத நாளைக்குப் பேசிக்கலாம்."

"நாளைக்குக் காலையில இடிக்கறீங்க. எப்பங்க பேசறது?"

அரங்கத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. "அந்த மாடிக்கு யாரு ஏறுவா?" என்று ஒரு பெண்குரல் கேட்டது. அப்போதுதான் தலைவருக்கு மைக் உயிரோடு இருப்பது புரிந்தது. முகத்தில் ஈயாடவில்லை. மாவட்ட அதிகாரி இன்னும் முன்னால் சாய்ந்தார். அவரைப் பொறுத்தவரை இது நாடகத்தின் உச்சக்கட்டம்.

"தலைவரே, கை வலிக்குது. எங்க வைக்கறது?" என்றான் வளைவைத் தூக்கியிருந்தவர்களில் ஒருவன்.

தலைவர் சபையைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "அவங்கள விட்டுட்டு... தள்ளி வைங்க" என்றார்.

"மேடையில மட்டுமா, தெருவுலயுமா?" என்றாள் அக்கா.

"தெருவுலயும்தான்" என்று தலைவர் சொன்னது நான் அமைத்த எல்லா ஒலிபெருக்கியிலும் வந்தது. அதிகாரி எழுந்து நின்று கை தட்டினார். ஊரே எழுந்தது. தலைவர், வேறு வழி தெரியாமல், குனிந்து வணங்கினார்.

சொன்ன சொல்லை அவரால் விழுங்க முடியவில்லை. அதிகாரி பத்திரிகையில் அந்தக் காட்சியைப் புகழ்ந்து எழுதிவிட்டார். நினைவு வளைவு இன்றைக்கும் பெரிய தெரு முனையில் ஒரு பக்கமாக ஒதுங்கித்தான் நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் கட்டியவனைத் திட்டிவிட்டுப் போகிறார்கள். வாத்தியார் அதற்கு ஒரு தத்துவ விளக்கம் வைத்திருக்கிறார்.

அன்றைக்குத் திரை மூடியதும் நான் மேடைக்கு ஓடினேன். மற்றவர்கள் தலைவரைச் சுற்றி நின்று பாராட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா முக்காலியிலேயே இருந்தாள். நூல் அறுந்திருந்தது. ஊசிக் காதருகே நூல்முனையைக் கொண்டுபோனாள், தவறியது. நாக்கில் நனைத்துக்கொண்டு மறுபடி முயன்றாள். அப்போதும் தவறியது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கண்ணு நல்லாத்தான்டா தெரியுது" என்றாள். "கைதான் நிக்க மாட்டேங்குது. இதக் கொஞ்சம் கோத்துக் குடு."