விழுந்தால் நிற்கும் குதிரை

என் மகள் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. தான் விழுந்தால் உடனே நிற்கிற குதிரை கிடைத்தால் ஏறுவாள். கிடைக்காவிட்டால் இனி வீட்டில் குதிரைப் பேச்சே கூடாது.

அவளுக்கு அப்போது பத்து வயது. அதற்கு ஏழு மாதம் முன்பு, மதுரைக்கு வெளியே ஒரு பயிற்சி மைதானத்தில், லாரி ஹாரனுக்கு மிரண்ட பெரிய குதிரை ஒன்று அவளைக் கீழே தள்ளிவிட்டது. சேணத்தில் தொங்கும் வளையத்தில் கால் மாட்டிக்கொண்டதால் பத்தடி தூரம் இழுத்துக்கொண்டும் போனது. இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் மாடிப்படியில் கைப்பிடியை விடமாட்டாள். சைக்கிளைத் தொடுவதே இல்லை. ஆனால் குதிரை ஆசை மட்டும் போகவில்லை. அந்த ஆசையும் போய்விட்டால் பிள்ளையிடம் பயம் மட்டும்தான் மிஞ்சும் என்று எனக்குக் கவலையாக இருந்தது.

விழுந்தால் நிற்க வேண்டுமென்றால் மரக்குதிரைதான் வாங்க வேண்டும் என்றார் என் கணவர். நான் மிஷன் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பார்க்காமலேயே ஒன்றை இல்லை என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சோழவந்தானில் என் அண்ணனின் தோப்பில் கட்டிவைக்க இடம் இருந்தது. சனிக்கிழமைதோறும் நானும் மகளும் மட்டக்குதிரை தேடிக் கிளம்பினோம்.

எங்கள் பக்கம் குதிரை வைத்திருப்பவர்களில் பலர் வண்டிப் பந்தயக்காரர்கள். முதலில் சுழி காட்டுவார்கள். நெற்றியில் எத்தனை, கழுத்தில் எந்தப் பக்கம், எது குடும்பத்துக்கு ஆகும், எது ஆகாது என்று அதற்கே அரைமணி நேரம் ஆகும். எனக்கு எல்லாம் சுருண்ட முடியாகத்தான் தெரிந்தது. இருந்தாலும் விடவில்லை, நோட்டில் படம் போட்டுக் குறித்துக்கொண்டேன். அடுத்து ரோட்டில் விரட்டிக் காட்டுவார்கள். கடைசியில் நான் என் கேள்வியைக் கேட்பேன். பெண் பார்க்க வந்த இடத்தில் வயதைக் கேட்டதுபோல அவர்கள் முகம் சுண்டிவிடும்.

அழகர்கோவில் பக்கம் ஒருவர் எனக்கு ஆறுதலே சொன்னார். "அதெல்லாம் நிக்கவே நிக்காதுக்கா. தைரியமா ஓட்டிட்டுப் போங்க."

நான்கு இடம் பார்த்தாயிற்று. ஐந்தாவதாகப் போனது உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம், கண்மாய்க்கரையை ஒட்டிய ஒரு வீடு. குதிரைக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பளபளவென்று ஒரு செவலை மட்டக்குதிரையைக் காட்டினார். சுழி சுத்தம், கால் சுத்தம், காற்றாகப் பறக்கும் என்றார். நான் கேட்டேன். அவரும் முகம் சுண்டினார். அப்போது பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி தலையைத் தூக்காமலே, விழுந்தால் நிற்பதற்கென்றே ஒன்று பின்னால் கட்டிக் கிடக்கிறதே என்றார். மனிதர் முறைத்த முறைப்பில் எனக்கு ஆவல் தாங்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் நானே நடந்தேன்.

சாம்பல் நிறத்தில், தொந்தி விழுந்த ஒரு மட்டக்குதிரை அங்கே நின்றது. அதன் கதையை அவர் வாயிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. போன வருடம் ஒரு பந்தயத்தில் அவர் வண்டிதான் முதலில் வந்திருக்கிறது. சக்கரம் கல்லில் ஏறி இவர் கீழே விழுந்ததும், குதிரை அந்த இடத்திலேயே நின்று கழுத்தைத் திருப்பி இவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. பின்னால் வந்த மூன்று வண்டிகளும் முந்திப் போய்விட்டன. ஊரே சிரித்திருக்கிறது.

"இந்தக் குறையச் சொல்லாம விக்க மனசு வரல, டீச்சர். சொன்னா எவன் வாங்குவான்?" என்றார்.

நான்கு வாரமாக நான் தேடிய குணத்தை ஒரு மனிதர் வெட்கப்பட்டு ஒளித்து வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆனால் ஒரு தடவை நின்றதை வைத்து முடிவு கட்டலாமா? சோதித்துப் பார்க்க வேண்டும் என்றேன். வைக்கோல் அடைத்த சாக்கு ஒன்றை அதன் முதுகில் வைத்து நடக்கவிட்டோம். பத்தடியில் சாக்கு பொத்தென்று விழுந்தது. குதிரை திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தது. என் மகளின் முகம் வாடிவிட்டது.

"மூட்டைக்கெல்லாம் நிக்காது. ஆளுக்குத்தான் நிக்கும்," என்றார் அவர். சொன்னதோடு நிற்காமல் தானே ஏறி உட்கார்ந்து, கால் தரையில் தேய, கொஞ்ச தூரம் போய்ச் சரிந்து விழுந்தார். குதிரை நின்றது. அவர் மனைவி வாய்விட்டுச் சிரித்தார். எனக்குத் திருப்தி இல்லை. அவர் அதற்குத் தீனி போடுகிறவர். முன்பின் தெரியாத பிள்ளைக்கும் நிற்குமா?

நான் கேட்டது தப்பாகப் போயிற்று. என் மகள் என்னைப் பார்த்தாள். ஏறிப் பார்க்கட்டுமா என்றாள். குளிப்பாட்டக் கொண்டுபோகும்போது தன் பிள்ளைகளும் அதன்மேல்தான் ஏறிப் போகும் என்று அவர் சொல்ல, நானும் சரி என்று சொல்லிவிட்டேன். சேணம் இல்லை, வளையம் இல்லை, வெறும் சாக்கு விரிப்புதான். கண்மாய்க்குள் தண்ணீர் வற்றி மண் பொதபொதவென்று இருந்தது. அங்கே இறக்கினோம். கயிற்றை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

இரண்டு சுற்று முடிந்ததும் அவர் என்னிடம் கேட்டார். "நீங்க பிடிச்சிருக்கும்போது நின்னா, பிள்ளைக்காக நின்னுச்சா, உங்க கயித்துக்கு நின்னுச்சான்னு எப்படி டீச்சர் தெரியும்?"

வகுப்பில் நான் வருடா வருடம் கேட்கிற கேள்விதான் அது. கயிற்றை விட எனக்கு மனமே இல்லை.

"விடும்மா," என்றாள் மகள்.

விட்டேன். குதிரை நடந்தது, பிறகு மெதுவாக ஓடியது. முப்பதடி போயிருக்கும். அவள் பிடரியிலிருந்து இரண்டு கைகளையும் எடுப்பதைப் பார்த்தேன். வேண்டுமென்றே ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். விழுந்தாள்.

நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. ஓடத் தொடங்கியிருந்தேன். குதிரை இரண்டே எட்டில் நின்றுவிட்டது. கழுத்தைத் திருப்பிக் கீழே கிடந்தவளைப் பார்த்தது. அவள் மல்லாந்து கிடந்தபடியே என்னை நோக்கிக் கையைத் தூக்கி, அங்கேயே நில் என்று காட்டினாள். ஏழு மாதமாக மாடிப்படியில் அவள் கூடவே இறங்கிக்கொண்டிருந்தவள் நான். அடி எடுத்து வைக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நின்றேன்.

எழுந்து பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். குதிரையை ஒரு மேட்டோரம் நடத்திக்கொண்டு போய், முறிந்து கூடிய அந்தக் கையாலேயே பிடரியைப் பற்றி, யார் துணையும் இல்லாமல் ஏறினாள். எனக்குக் கண்ணீர் பார்வையை மறைத்தது. திரும்பி வந்தபோது அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, இன்னொரு தடவை விழுந்து பாக்கவா?" என்றாள்.