பதிவேட்டின் ஓரத்தில் என் கையெழுத்து

ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்தெடுப்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இருக்காதா பின்னே? மலாக்காவில் ஒரு பங்குக் கோயில் அலுவலகத்தில் நாற்பது வருடமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவிலிருந்தெல்லாம் எழுதிக் கேட்கிறார்கள், எங்கள் பூட்டனார் எந்தத் தோட்டம், அவர் பெண்சாதி யார் என்று. இரண்டு ஆட்களை ஒருவராக்கி, அவருக்குப் பதினாறு பிள்ளைகளையும் கட்டி, வம்சாவளி வரைந்து அனுப்பியிருப்பார்கள். பேர் ஒன்று என்றால் ஆளும் ஒன்றா என்று வாய்விட்டுத் திட்டிவிட்டுத்தான் பதில் எழுத உட்காருவேன்.

பெயர்கள் இப்படிக் குவிந்ததில் ஜனங்கள் மேல் தப்பில்லை. அந்தக் காலத்தில் பங்குச் சாமியார் ரப்பர் தோட்டத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். வருகிற நாளை ஒட்டி எந்தப் புனிதரின் திருநாளோ, அன்று ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர். பெற்றவர்களுக்கும் முன்பு அப்படித்தான் வைத்திருப்பார்கள். ஞானப்பெற்றோராக நிற்பது எல்லாப் பிள்ளைகளுக்கும், தோட்டத்தில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரும் அவர் மனைவியும். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்களுக்குக் குழப்பமில்லை. தண்ணீர்த் தொட்டி வீட்டுக்காரர், மாடு வைத்திருப்பவர் என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு இருந்தது. லத்தீனில் எழுதிய சாமியார் மாட்டையும் தொட்டியையும் குறிக்கவில்லை. அந்த வேலையை நான்தான் வருடக்கணக்காகச் செய்து வந்தேன், அட்டை அட்டையாக எழுதி, ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியாக அடுக்கி.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலையில் அந்தப் பெண் வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் வேலை. பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவருக்குச் சிவப்பு அடையாள அட்டை. தோட்டத்தில் பிறந்தவர், இந்த நாட்டை விட்டு ஒரு நாள் வெளியே போனதில்லை, ஆனாலும் குடியுரிமை இல்லை. அப்பா கப்பலில் வந்தவர். அம்மா இங்கே பிறந்தவர் என்று காட்டினால் வழி உண்டு. அம்மாவோ இவருக்கு நான்கு வயதிருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார்; அவருடைய அட்டையும் இல்லை, சூரா என்கிற பிறப்புப் பத்திரமும் இல்லை. கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை இவர், கேட்டுத் தெரிந்துகொள்ள அண்ணன் அக்காவும் கிடையாது.

அவசரத்துக்குக் காரணம் வீடு. கணவர் பெயரில் அரசாங்கத்தின் மலிவு விலை வீடு ஒன்று வந்திருந்தது. சாவி கைக்கு வருமுன் அவர் இறந்துவிட்டார். குடியுரிமைக்கான நீல அட்டை இருந்தால் மனைவி பெயருக்கு மாற்றலாம், சிவப்பு என்றால் முடியாது. தோட்டத்தையும் விற்றாயிற்று, லயத்தில் மிச்சமிருந்த நான்கு குடும்பங்களும் வருடக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். எப்படியோ பேசி, வீட்டை வேறு ஆளுக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருந்தார்.

"வியாழக்கெழம இன்டர்வியூ அக்கா. இந்தத் தடவையும் இல்லன்னா வீடு போயிரும்லா."

இவ்வளவுதானே என்றேன். அம்மாவின் பெயர், தாத்தாவின் பெயர், தோட்டம் மூன்றையும் கேட்டுக்கொண்டு பெரிய புத்தகத்தை எடுத்து வந்து பிரித்தேன்.

ஒரே பக்கத்தில், ஒரே நாளில், ஒரே பெயரில் இரண்டு பெண் பிள்ளைகள். அப்பன்மார் பெயர் ஒன்று, அம்மாமார் பெயரும் ஒன்று. முதல் பிள்ளைக்கு ஐந்து வயது, தமிழ்நாட்டில் பிறந்து கப்பலில் வந்தது. அடுத்தது இரண்டு மாதக் கைக்குழந்தை, அதே தோட்டத்தில் பிறந்தது. யார் எவர் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஒருவருக்கு எந்த ஊர்க் கோயிலில் கல்யாணம் நடந்தாலும், ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்குத் துண்டுச் சீட்டில் தகவல் வரும். அதை அவருடைய பெயருக்கு நேரே ஓரத்தில் எழுதி வைப்போம். அப்படி ஒரு குறிப்பு அந்தப் பக்கத்திலும் இருந்தது. இன்ன தேதியில், இன்ன கோயிலில், இன்னாரை மணந்தார். மாப்பிள்ளை பெயர் இந்தப் பெண்ணின் அப்பா பெயர்.

குறிப்பு இருந்தது முதல் பிள்ளைக்கு நேரே. கப்பலில் வந்த பிள்ளைக்கு.

சரி, பாவம், கிடைக்காது என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் எழுத்தைப் பார்த்தேன். கன்னியாஸ்திரி மடத்துப் பள்ளியில் ஸ்கேலால் அடித்துப் பழக்கிய சாய்வெழுத்து, வாலை இடப்பக்கம் இழுத்துச் சுழிக்கும் வழக்கம். என் கையெழுத்து.

எப்போது எழுதினேன் என்பதும் நினைவுக்கு வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிது. பழைய கல்யாணச் சீட்டுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய யாரும் பதியாமல் கிடந்தன. மறைமாவட்ட ஆயர் பார்வையிட வருகிறார், அதற்குள் முடி என்று அப்போதைய சாமியார் விரட்டினார். பக்கத்தைத் திருப்பு, பெயரைத் தேடு, எழுது, அடுத்தது. ஒரே பெயரில் அடுத்த வரியிலேயே இன்னொன்று இருக்கும் என்று அந்த வயதில் எனக்கு யார் சொன்னார்கள்? முதலில் கண்ணில் பட்டதற்கு நேரே எழுதியிருப்பேன். எழுதியிருப்பேனா, இல்லை சீட்டில் ஏதோ அடையாளம் பார்த்துச் சரியாகத்தான் எழுதினேனா? அதுதான் நினைவில்லை.

"என்ன அக்கா, இருக்கா?" என்றார் அவர்.

எழுத்து மங்கலாக இருக்கிறது, கொஞ்சம் பார்க்க வேண்டும், புதன்கிழமை போன் செய்கிறேன் என்று சொல்லிப் புத்தகத்தை மூடினேன். பொய். எழுத்து பளிச்சென்று இருந்தது. அவர் நம்பித் தலையாட்டிவிட்டு, உதவியாக இருக்குமே என்று கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். பதினோரு வருடத்துக்கு முன் முதல் தடவை விண்ணப்பித்தபோது இதே அலுவலகம் கொடுத்த கடிதம். மேற்படியாளரின் தாயார் தமிழ்நாட்டில் பிறந்தவர் என்று இருந்தது. அன்றைய சாமியாரின் கையொப்பத்துக்குக் கீழே, தயாரித்தவர் என்ற இடத்தில் நான். அந்தக் கடிதத்தை வைத்துத்தான் அந்தத் தடவை நிராகரித்திருக்கிறார்கள்.

ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான்.

இப்போதிருக்கும் சாமியார் இளைஞர், என்னை ஆன்ட்டி என்பார். நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தப்பு என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். அப்படியென்றால் நானும் கையெழுத்துப் போட முடியாது, ஒருவருக்கு நல்லது நடக்கும் என்பதற்காகப் புத்தகத்தைத் திருத்தக் கூடாது, ஆதாரம் கொண்டு வாருங்கள் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னது நானே நூறு பேருக்குச் சொன்னதுதான் என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது.

பிஸ்கட் டின்னைத் தேடி செவ்வாய்க்கிழமை முழுதும் ஸ்டோரை உருட்டினேன். டின் கிடைத்தது. உள்ளே கரையான் தின்று மிச்சம் வைத்த தூள்தான் இருந்தது. இனி ஒரே இடம், கல்யாணம் நடந்த கோயில். அங்கே கல்யாணப் பதிவேடு இருக்க வேண்டும்.

புதன்கிழமை காலையில் காரை எடுத்தேன். சுங்கை ஊடாங் பக்கம் எண்ணெய் லாரிகள் வரிசையாக முன்னால் ஊர்ந்தன. முந்தவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வழியெல்லாம் கணக்குப் போட்டேன். ஞானஸ்நானம் நடந்து பத்தொன்பது வருடத்தில் கல்யாணம். கைக்குழந்தை என்றால் மணப்பெண்ணுக்கு வயது பத்தொன்பது. கப்பல் பிள்ளை என்றால் இருபத்து நான்கு. கல்யாணப் பதிவேட்டில் வயதுக்கென்று ஒரு கட்டம் உண்டு. அது ஒன்று போதும்.

அந்தக் கோயிலில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி, வேலைக்குப் புதிதாக வந்த பெண். சாவி யாரிடமோ இருக்கிறது என்று ஒரு மணி நேரம் காக்க வைத்தாள். பிறகு பதிவேட்டைக் கொண்டு வந்து வைத்தாள். தேடினேன், இருந்தது. மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், அப்பன்மார் பெயர்கள், சாட்சிகள் இருவர். வயதுக் கட்டத்தில் ஒன்றுமில்லை. எழுதின மகராசன் ஒரு சின்னக் கோடு இழுத்துவிட்டுப் போயிருந்தார்.

நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கிராணிப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் வேண்டுமா என்றாள். வேண்டாம், பேசாமல் இரு என்று அவள் மேல் விழுந்தேன். அவள் என்ன செய்வாள் பாவம்.

முன்பக்கம் பின்பக்கமெல்லாம் திருப்பினேன். அந்தப் பக்கத்தின் பின்புறம் துருப்பிடித்த குண்டூசியில் ஒரு மடித்த தாள் இருந்தது. இப்படி ஒரு தாள் சில பக்கங்களில் இருந்தது, பல பக்கங்களில் இல்லை. பிரித்தேன். உபதேசியார் தமிழில் எழுதியிருந்தார். என் மகளுக்கு இன்னும் இருபத்தொரு வயது நிறையவில்லை, இந்தக் கலியாணத்துக்கு எனக்குச் சம்மதம். கீழே தகப்பனின் பெருவிரல் ரேகை, ஊதா மையில். இருபத்தொன்றுக்குக் குறைந்த பெண் என்றால்தான் தகப்பன் சம்மதம் எழுதி வாங்குவார்கள். இருபத்து நான்கு வயதுக்காரிக்கு அந்தத் தாளே தேவையில்லை.

ஆக, மணப்பெண் கைக்குழந்தைதான். தோட்டத்தில் பிறந்தவள்தான். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அடுத்த நிமிடமே இன்னொன்றும் உறைத்தது. இதுவரை தப்பு நடந்திருக்கலாம் என்று இருந்தது. இப்போது நடந்தேவிட்டது என்று ஆகிவிட்டது. அதுவும் இரண்டு தடவை. எழுதும்போது ஒன்று, பதினோரு வருடத்துக்கு முன் பக்கத்தைச் சரிபார்க்காமல் கடிதம் தட்டியபோது ஒன்று.

பிரதி எடுத்து, முத்திரை வாங்கி, ஓட்டமாகத் திரும்பினேன். சாமியார் தாளை இரண்டு முறை படித்தார். புத்தகத்தில் பழைய குறிப்பைச் சிவப்புக் கோடிட்டு, சரியான பிள்ளைக்கு நேரே எழுதிக் கையொப்பமிட்டார். கடிதத்தில் எழுத்துப் பிழை ஏற்பட்டது என்று மட்டும் போட்டால் போதும், யார் என்று யாரும் கேட்கப் போவதில்லை என்றார். ஆசையாகத்தான் இருந்தது. இருந்தாலும் என் பெயரையும் பதவியையும் போட்டு, பிழை என்னுடையது என்று தட்டினேன். இல்லையென்றால் வியாழக்கிழமை அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

கடிதம் கிடைத்துவிட்டது, நானே அழைத்துப் போகிறேன் என்று மட்டும் போனில் சொன்னேன். ஆயர் குரோவில் பதிவு அலுவலகத்து வாசலில் காரை நிறுத்திய பிறகுதான் மீதியைச் சொன்னேன். நான்தான் தப்பாக எழுதியது, போன தடவை கிடைக்காததும் என்னால்தான், மன்னித்துவிடம்மா. அவர் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர்.

"போன தடவைன்னா, அப்ப அவரு இருந்தாரு" என்றார் கடைசியில். "ஆஸ்பத்திரில கெடக்கும்போதும் அதையேதான் கேட்டாரு. வீடு ஒம் பேருக்கு மாறுமா, மாறுமான்னு. மாறும்னு பொய் சொல்லித்தான் அனுப்பி வச்சேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டது நான்தான், அவர் இல்லை.

உள்ளே எண் கூப்பிட்டார்கள். அதிகாரி கடிதத்தையும் பிரதியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கூட வந்திருப்பது யார், சொந்தமா என்று மலாயில் கேட்டார். மூன்று நாளாக அக்கா அக்கா என்று கூப்பிட்டவர் திரும்பியும் பார்க்காமல் பதில் சொன்னார்.

"புக்கான். கிராணி கெரேஜா."

இல்லை, கோயில் கிராணி. சரிதானே. தோட்டத்தில் பிறந்தவர்கள் கிராணி என்று சொல்லும்போது, ஜனங்களின் கூலியைப் பேனாவால் வெட்டிய தோட்டத்துக் கிராணியும் அதில் இருப்பார் என்று எனக்குத் தெரியும். அதிகாரி எழுதிக்கொண்டார். பிழையை எழுதியது நீங்கள்தானா என்று என்னைக் கேட்டார், ஆமாம் என்றேன். மூலப் பதிவேட்டைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார், கொண்டு வருகிறேன் என்றேன்.

இரண்டு முறை கொண்டுபோனேன். பிறகு மாதக்கணக்கில் சத்தமில்லை. வீட்டு அலுவலகத்துக்கு அவகாசம் கேட்டுச் சாமியார் இரண்டு கடிதம் எழுதினார். லயத்தை இடித்தபோது அந்தப் பெண் கேண்டீன் தோழி ஒருவர் வீட்டின் முன்னறையில் போய்த் தங்கினார். நான் போன் செய்தால் எடுப்பார், இன்னும் இல்லை என்பார், வைத்துவிடுவார்.

இந்த வருடம் தவக்காலத்தில் ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்தார். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவராகவே சொன்னார், கார்டு வந்துவிட்டது, வீடும் மாறிவிட்டது, போன வாரம் குடிபோனேன் என்று. இனிப்பு எதுவும் கொண்டுவரவில்லை, சிரிக்கவும் இல்லை. இறந்துபோன கணவருக்கு ஒரு பூசை வைக்க வேண்டும் என்றார்.

யாருக்காகப் பூசை என்று குறித்து வைக்கும் கருத்துப் புத்தகத்தைத் திறந்து பேனாவை எடுத்தேன். கணவர் பெயரைச் சொன்னார். எங்கள் பங்கில் அந்தப் பெயரில் செத்தவர்களே பத்துப் பேருக்கு மேல் இருப்பார்கள். அதனால் அவருடைய அப்பா பெயர், தோட்டம், இறந்த நாள் எல்லாவற்றையும் நான் கேட்காமலே வரிசையாகச் சொன்னார். எழுதி முடித்துப் புத்தகத்தை மூடப் போனேன். அவர் மேசைமேல் கை வைத்துத் தடுத்தார்.

"படிச்சுக் காட்டுங்க."

ஆரம்பத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை என்றார். படித்தேன்.