கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ்

நான் ஆசிரியை. கல்வராயன் மலையில், கரியாலூர்ப் பள்ளியில் தினமும் காலையில் அட்டெண்டன்ஸ் எடுக்கிறவள். அந்த ஒரு சொல் எங்கள் வீட்டை மாதக்கணக்கில் ஆட்டி வைத்தது என்றால், அதில் பாதிக் குற்றம் என்னுடையது, மீதிப் பாதி அப்பாவுடையது. அரசாங்கத்தின் மேல் பழியைப் போடலாம் என்று பார்த்தேன். இந்த முறை அதற்கு வழியில்லாமல் போய்விட்டது.

அப்பா ராணுவத்தில் லாரி ஓட்டியவர். வடக்கே ஒரு மலைப்பாதையில் வண்டி உருண்டு முதுகெலும்பில் அடிபட்டு, ஊனத்துக்கான பென்ஷனோடு எலவனாசூர்கோட்டைக்குத் திரும்பி வந்தார். முப்பது வருடம் கைத்தடி ஊன்றி நடந்தார். இரண்டு வருடத்துக்கு முன் கால்கள் முழுவதுமாக ஓய்ந்துவிட்டன. அதன் பிறகு அவரைத் தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் அம்மாதான். அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, எடை அப்பாவில் பாதி இருந்தால் அதிகம்.

சனிக்கிழமைகளில் நான் மலையிலிருந்து இறங்கி வரும்போதெல்லாம் அம்மாவின் இடுப்பு இன்னும் கொஞ்சம் வளைந்திருக்கும். கேட்டால், "ஒண்ணுமில்லடி, வாயு புடிச்சிக்கினு இருக்குது" என்பாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டாள். இப்படியே போனால் ஒருநாள் அம்மாவும் படுத்துவிடுவாள், நான் வேலையை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். என் சம்பளம் இல்லாமல் அந்த வீடு ஓடாது என்பதும் எனக்குத் தெரியும்.

கள்ளக்குறிச்சியில் முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகத்துக்கு வேறு ஏதோ காகிதத்துக்காகப் போனபோதுதான் அங்கிருந்த கிளார்க் சொன்னார். அவரும் பழைய ராணுவக்காரர்.

"மேடம், கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்னு ஒண்ணு இருக்குது. எந்நேரமும் கூட ஒரு ஆளு இருந்து பாத்துக்கறதுக்கு கவர்மென்ட் குடுக்கறது. மெடிக்கல் போர்டு எழுதணும், அவ்ளோதான்."

பஸ்ஸில் வரும்போதே யோசித்தேன். 'ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வது' என்று காதில் விழுந்தால் அப்பா கையெழுத்துப் போட மாட்டார். கீழே விழுந்த தடியை யாராவது எடுத்துக் கொடுத்தாலே மூக்குக்கு மேல் கோபம் வருகிற மனிதர். அதனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். "அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்பா. டாக்டருங்க செக் பண்ணுவாங்க" என்றேன். அவர் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மெடிக்கல் போர்டுக்காகச் சென்னைக்குப் போன அன்று அப்பா மீசையைக் கத்தரித்துக்கொண்டார். உணர்ச்சியே இல்லாத கால்களுக்குப் பாலிஷ் போட்ட ஷூ வேண்டும் என்றார். அம்மா மண்டியிட்டு லேஸ் கட்டினாள். உள்ளே மூன்று டாக்டர்கள். எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் இந்தியில் கேட்டது எனக்குப் புரியவில்லை, ஆனால் அப்பாவின் பதில் வராந்தா முழுக்கக் கேட்டது.

"யெஸ் சார்!"

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "யெஸ் சார்!" இன்னும் சத்தமாக மூன்றாவது தடவை. வெளியே வந்தவரின் முகத்தில் அப்படி ஒரு களை.

"குளிப்பியா, துணி மாத்திக்குவியா, கக்கூஸ் போவியான்னு கேட்டாங்க. ஒண்ணு வுடாம எல்லாத்துக்கும் யெஸ் சொல்லிட்டேன்."

கொஞ்ச நாளில் கடிதம் வந்தது. ஊனம் நூறு சதவீதம் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். உடன் ஆள் தேவையில்லை என்றும் எழுதியிருந்தார்கள். நான் கத்திவிட்டேன்.

"ஏம்பா அப்படிச் சொன்ன?"

"இன்னா தப்பு? அட்டெண்டன்ஸ்னா ஃபால்-இன், வரிசையில வந்து நிக்கறது. கான்ஸ்டன்ட்டுன்னா டெய்லி. ஒரு நாளும் லீவு போடாம ஆஜர் ஆவறவனுக்குக் குடுக்கற காசு. படுத்துக்கினு கெடக்கறேன்னு சொன்னா எவன் குடுப்பான்?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காலமெல்லாம் விசில் சத்தத்துக்கு வரிசையில் போய் நின்றவரிடம் நான் பாதிச் சொல்லைக் கொடுத்தேன், மீதியை அவர் தனக்குத் தெரிந்தபடி நிரப்பிக்கொண்டார்.

"அது உன் அட்டெண்டன்ஸ் இல்லப்பா. உன் கூட இருந்து பாத்துக்கறவங்களோடது."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"அப்ப என்னால ஒண்ணும் ஆவாதுன்னு நானே என் வாயால சொல்லணுமா? சொல்ல மாட்டேன்" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை குளியலறையில் இருவரும் விழுந்தார்கள். அம்மா அடியில், அப்பா மேலே. அம்மா வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதற்கு முன் அவளிடம் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. நான் இழுத்துப் பார்த்தேன், அப்பாவை அசைக்க முடியவில்லை. பக்கத்துக் கொல்லையில் மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தெருவுக்கு ஓடிப்போய்க் கத்தினேன். லோடுமேன் ஒருவர் தலைத்துண்டோடு ஓடி வந்தார். நாற்பது வயது இருக்கும்.

அப்பாவின் அக்குளுக்கடியில் கைகளைக் கொடுத்து, நெஞ்சோடு சேர்த்து அணைத்து, ஒரே மூச்சில் எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"தள்ளி நின்னுக்கினு தூக்குனா முதுவு பூடும்மா. மாரோட அணைச்சித்தான் தூக்கணும். மூட்டையும் அப்படித்தான், மனுசனும் அப்படித்தான்."

எனக்கு ஆச்சரியம், அப்பா கோபப்படவில்லை.

தினமும் காலையில் வர முடியுமா என்று அந்த மனிதரைக் கேட்டேன். ஊர் கருணாபுரம் என்றார். அம்மாவின் முகம் மாறியது. அந்தக் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் எல்லோருடைய முகமும் அப்படித்தான் மாறும். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"நான் குடிக்க மாட்டேம்மா. குடிச்ச எங்க அண்ணன்தான் இப்ப இல்ல" என்றார்.

அம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்து போய் அவருக்குக் காப்பி போட்டாள். என் சம்பளத்தில் மூன்று மாதம் தாக்குப்பிடிக்கலாம், அதற்கு மேல் அலவன்ஸ் வந்தால்தான் என்று அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். ஒளித்ததன் பலனைத்தான் ஏற்கெனவே பார்த்திருந்தேனே. அவர் திங்கட்கிழமை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்.

அம்மாவுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"அந்த ஃபாரத்த எடு. மேல அப்பீல் எழுதிப் போடு."

இரண்டாவது தடவை சென்னைக்கு லோடுமேனும் வந்தார். அப்பா ஷூ கேட்கவில்லை, செருப்போடு வந்தார். இந்த முறை என்னையும் லோடுமேனையும் உள்ளே விட்டார்கள். ஒரு பெண் டாக்டர் அதே கேள்விகளைக் கேட்டார். அப்பா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நஹி மேடம்."

என்னால் ஆகாது, என் மனைவிதான் செய்தாள், இனி அவளாலும் ஆகாது. இந்தியில் அவர் சொன்னதை லோடுமேனுக்காகத் தமிழிலும் ஒரு தடவை சொன்னார், அல்லது தனக்காகவே சொல்லிக்கொண்டாரோ என்னவோ. அப்பாவை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அழுதும்விட்டேன்.

மூன்றாவது மாதக் கடைசியில் அலவன்ஸ் வந்தது, பழைய பாக்கியான அரியர்ஸோடு. இப்போது காலையில் லோடுமேன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பா கட்டிலிலிருந்து "அட்டெண்டன்ஸ்!" என்று குரல் கொடுப்பார். "ஆஜர் ஐயா!" என்று பதில் வரும். கோயில் மணி தப்பினாலும் இது தப்பாது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது லீவு என்றால் அப்பா ஊருக்கு வருவது என்று மட்டும்தான் அர்த்தம். அம்மா விஷயத்தில் அந்தச் சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை லோடுமேன் உள்ளே வந்து துண்டை உதறினார். அம்மா வழக்கம்போல வெந்நீர் அண்டாவைத் தூக்கப் போனாள்.

"ஏய், அத வை" என்றார் அப்பா. "போயி நல்ல பொடவையா கட்டிக்கினு பூசைக்குப் போ. இன்னிக்கி ஒனக்கு லீவு. சாங்ஷன் பண்ணிட்டேன்."

அம்மா அண்டாவைக் கீழே வைத்தாள்.

"இன்னிக்கி சரிங்க" என்றாள். "இத்தினி வருசத்து அரியர்ஸு?"

அம்மா புடவை மாற்றப் போனாள்.